மழைக்கணக்கு எங்கே ஓடுகிறது?

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்... லேப்டாப் நனையுது."

அவள் அப்படிச் சொன்னபோது அந்த மனிதன் ஏற்கெனவே தள்ளித்தான் நின்றிருந்தான். பாதி உடம்பு மழையில். அந்தத் தகரக் கூரையின் கீழ் இரண்டு பேர் நிற்கத்தான் இடம்... அதில் ஒன்றரைப் பங்கை அவளும் அவள் கோபமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தைக் கடந்து ஓடிவந்த ஐம்பது அடிக்குள் தலை தொப்பலாகிவிட்டது. லேப்டாப்பை மட்டும் கோட்டுக்குள் பொத்தி வைத்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. தோளில் சுருட்டிப் போட்ட ஒரு கயிறு. இமை மயிர்களில் மழைத்துளிகள் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தன... அவன் கண் சிமிட்டினால் விழுந்துவிடும். ஆனால் அவன் சிமிட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சே, இப்போது இதையெல்லாமா பார்ப்பது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, நிலத்தடி நீர்ப் பிரிவு எது என்று கேட்டாள். பின்னால் இருந்த கதவைக் காட்டினான்.

"அங்க கிணத்துக்காரர்னு ஒருத்தர் இருக்காராமே... எப்படி இருப்பாரு?"

"எதுக்குத் தேடுறீங்க?"

"திட்டறதுக்கு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நெறைய திட்டணுமா?"

"என்னோட ஒரு மாச வேலைய முழுங்கிட்டாரு. கொஞ்சமாவா திட்ட முடியும்?"

"அப்படின்னா உள்ள வாங்க... உக்காந்து திட்டுங்க. நான்தான் அது."

துளிகள் அப்போதுதான் விழுந்தன.

தண்ணீரை அளப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. பெரிய கட்டடத்தில் மழையும் ஆறும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கட்டடத்தில் கிணறுகள். அவள் மழைப் பக்கம். எல்லோரும் மழை மேடம் என்றே கூப்பிட்டார்கள். அவன் ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மட்டத்தை அளந்து வருகிறவன். இரண்டு வருஷமாக ஒரே வளாகத்தில் வேலை செய்தும் இருவரும் நேருக்கு நேர் பார்த்ததில்லை.

அவளுடைய கணக்குகள் எல்லாம் ஒரு நோட்புக்கில் இருந்தன. தாளில் எழுதும் நோட்டு இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஓடுவது. ஒரு கட்டத்தில் கணக்கை எழுதி ஓடவிட்டால் அதற்கு அடியிலேயே விடை வந்து நிற்கும். நடுநடுவே நமக்கு நாமே குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். அவள் நிறைய எழுதுவாள். பேச ஆள் இல்லாத ஊரில் வேறு எங்கே எழுதுவாள்... அந்த நோட்புக்குக்கு மழைக்கணக்கு என்று பெயர் வைத்திருந்தாள். ஏழு ஆறுகள், ஒன்பது வருஷத்து மழை. எவ்வளவு பெய்தால் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்பதுவரை அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த முடிவுகளைக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவளை வேலையில் தொடர வைப்பதா, அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். இன்று செவ்வாய். காலையில் முடிவுகள் இருக்கும் ஃபைலைத் திறந்தால் ஆறுகளைக் காணோம்... வரிசையாகக் கிணறுகள். யாரோ அவள் நோட்புக்குக்குள் புகுந்து ஆற்றுப் பட்டியலை எடுத்துவிட்டுக் கிணற்றுப் பட்டியலை வைத்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

நான்கு பேர் இருந்த அந்த அறையில் அவள் நின்றுகொண்டே திட்டினாள். அடுத்தவர் வீட்டு அடுப்பில் தன் பாத்திரத்தை ஏற்றுகிறவர்கள் என்றாள். கண் முன்னால் வாசல்... அதைத் தாண்டி வந்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா என்றாள். ஒருவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சத்தம் வெளியே போக வேண்டாம் என்று.

அவன் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடித்துவிட்டாளா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். இரண்டு மாசத்துக்கு முன்னால் அந்த நோட்புக்கைக் காப்பி எடுத்தது உண்மை. சனிக்கிழமை அதில் கிணற்றுப் பட்டியலைப் போட்டதும் உண்மை. விடைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முதல் கட்டத்தில் அவள் கையால் அடித்து வைத்திருந்த இருப்பிடத்தை மாற்ற மறந்ததும் உண்மை. ஆனால் ஓடவிடவில்லை. ஞாயிறும் திங்களும் அவன் கிணறுகளில் இருந்தான்... இப்போதுதான் வருகிறான்.

"ஆனா ரெண்டுக்கும் ஒரே பேரு. காப்பின்னு நெனச்சு ஒங்களோடதையே மாத்திட்டேனோ என்னவோ... எனக்கே உறுதியா சொல்ல வரல. தப்பு என்னோடதுன்னே வச்சுக்குங்க."

சண்டை போட வந்தவளுக்கு எதிராளி கிடைக்கவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் முற்றத்தைத் தாண்டித் திரும்பியபோது மழை விட்டிருந்தது. அவள் பின்னாலேயே அவனும் வந்து, பிரிவுத் தலைவியிடம் தன் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். தலைவியை அங்கே எல்லோரும் பெரியம்மா என்பார்கள், அவர் காதில் விழாமல்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினான். சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறானாம். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஒரு நாள்கூட அங்கே தனியாக உட்கார்ந்து அழக்கூடாதாம். அண்ணி அறையைச் சுத்தம் செய்துவிட்டாளாம். அன்பாகத்தான் சொன்னான்... இருந்தாலும் அவள் தோற்றுவிட்டாள் என்று முடிவே செய்துவிட்டதுபோல் இருந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் அறைக் கதவில் இரண்டு தட்டு. பூட்ஸைக் கழுவி, தலையைச் சீவி, இரண்டு கையிலும் காகிதக் கப்பில் டீயோடு கிணத்துக்காரன்.

"நம்பருங்கள எல்லாம் மறுபடி ஏத்தணும்ல... நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன். ரெண்டு விரல்லதான் அடிப்பேன், ஆனா தப்பு வராது."

சிரிப்பு வந்ததை அவள் டீயைக் குடித்து மறைத்தாள். முதலில் வேறு ஒரு வேலை இருக்கிறது என்றாள். எல்லாவற்றுக்கும் காரணம் கையால் அடித்த அந்த முதல் கட்டம். 'நான் இன்ன ஃபோல்டரில் இன்ன பெயரில் இருக்கிறேன்' என்று அவள் எழுதி வைத்தது. காப்பி எடுத்தால் அந்த வரியும் கூடவே போய்விடுகிறது; காப்பியும் தன்னை அவளுடையது என்றே சொல்லிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டு, ஓடும்போதே நோட்புக் தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும். அப்புறம் யார் காப்பி எடுத்தாலும் விடை அவரவர் வீட்டுக்கே போகும்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நடுவில் ஒரு கை அகலம் இடம் விட்டு...

எந்த ஃபோல்டரில் நிற்கிறாய் என்று முதலில் நோட்புக்கையே கேட்டுப் பார்த்தாள். முதல் கட்டம் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ அந்த இடத்தையே திருப்பிச் சொன்னது. சாதாரண புரோகிராம்களில் தன் ஃபைல் எதுவென்று சொல்ல ஒரு சொல் உண்டு. அதைக் கேட்டாள். அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது.

"தான் யாருன்னு தனக்கே தெரியாதா அதுக்கு?" என்றான் அவன்.

கணக்குப் போடுவது கெர்னல் என்று தனியாக ஒன்று, என்று அவள் விளக்கினாள். திரையிலிருந்து கட்டம் கட்டமாகக் கணக்கு வரும். அது போட்டுக் கொடுக்கும். அனுப்பியது எந்த நோட்புக், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது... எதுவும் அதற்குத் தெரியாது. கெர்னலுக்கு என்று ஒரு நம்பர் மட்டும் உண்டு. நீளமான, வாயில் நுழையாத நம்பர்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"கெணத்து மேலயும் நம்பர்தாங்க எழுதியிருக்கும். சுவத்துல பெயின்ட்ல. அதைப் பாத்தா எந்த ஊரு, யாரு தோட்டம்னு ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்ல ரிஜிஸ்டர் இருக்கும்... அங்க போய் நம்பரக் காட்டினா எடத்தச் சொல்லிடுவாங்க. இங்க அந்த மாதிரி ரிஜிஸ்டர் வச்சிருக்கறது யாரு?"

அவள் அவனையே பார்த்தாள். ரிஜிஸ்டர்... சர்வர். எல்லா நோட்புக்குகளையும் திறந்துவிடுகிற சர்வர். எந்தக் கெர்னல் எந்த நோட்புக்குக்கு ஓடுகிறது என்ற பட்டியல் அதனிடம்தானே இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். கேள்வி கேட்கத் தெரிந்தவன் இவன்.

விரல்கள் பறந்தன. உன் நம்பர் என்ன என்று கெர்னலைக் கேள். இப்போது ஓடுகிற எல்லாவற்றின் பட்டியலையும் சர்வரிடம் வாங்கு. அதில் இந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று தேடு. அந்த வரியில் இருக்கும் இருப்பிடத்தை எடு. மொத்தம் ஒன்பது வரிதான் வந்தது. ஓடவிட்டாள்.

ஒரு வரி வந்து நின்றது.

நிலத்தடி நீர்ப் பிரிவு. அவன் ஃபோல்டர். மழைக்கணக்கு.

அவள் மறுபடி ஓடவிட்டாள். அதே வரி. மூன்றாவது தடவையும் அதே வரி.

ஜன்னலுக்கு வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது... பதினொரு நாளைக்கு முன்னால் சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டார்கள். திறந்திருந்தது எல்லாம் மூடிப்போனது. பெயரை அடித்துத் தேடினாள். ஒரே பெயரில் இரண்டு வந்தன. முதலில் இருந்ததை அழுத்தினாள். அது அவன் காப்பி. அன்றிலிருந்து அவள் அவன் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் வேலை செய்திருக்கிறாள். சனிக்கிழமை அவன் தன் நோட்புக்கில் தன் கிணறுகளைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனான். திங்கள் காலையில் மேலே பார்க்காமல் எல்லாவற்றையும் ஓடவிட்டு மீட்டிங்குக்குப் போனது... அவள். தன் ஆறுகளைத் தானே அழித்தது அவள்.

திரையின் உச்சியில் சின்ன எழுத்தில் அந்த இடம் எப்போதும் எழுதித்தான் இருந்தது. தன் வீடு என்று நினைத்து இருப்பவர்கள் யார் வாசல் பலகையைப் படிக்கிறார்கள்?

அவனும் படித்துவிட்டான் என்பது அவன் பார்வை அந்த வரியிலேயே நின்றதில் தெரிந்தது. இப்போது என்ன சொல்லப்போகிறான்... நான்கு பேர் நடுவில் அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பித் தரலாம். எல்லா நியாயமும் அவன் பக்கம் இருந்தது.

"அப்படின்னா," என்றான் அவன், நாற்காலியின் நுனிக்கு வந்து, "ஒங்களோட நிஜ நோட்புக்க பதினொரு நாளா யாரும் தொடலையே... விடையெல்லாம் கட்டத்துக்கு அடியிலயே நிக்கும்னு சொன்னீங்கல்ல? தெறந்து பாருங்க. சீக்கிரம்."

திறந்தாள். ஏழு ஆறுகளும் இருந்தன. ஒன்பது வருஷமும் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் விடைகள், விட்ட இடத்தில் அப்படியே... கடைசியாகச் செய்த திருத்தங்கள் மட்டும் இல்லை. அது ஒரு நாள் வேலை.

அவன் சின்னப் பிள்ளைபோல் சிரித்தான். தனக்கு ஏதோ கிடைத்ததுபோல். அந்தக் கண்களை அத்தனை பக்கத்தில் பார்க்க அவளால் முடியவில்லை. மன்னிச்சிடுங்க என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது... அங்கேயே நின்றுவிட்டது. "டீக்குத் தேங்க்ஸ்" என்றாள். அவன் காலிக் கப்புகளை எடுத்துக்கொண்டு போனான்.

டீக்குத் தேங்க்ஸ். அவ்வளவுதானா நான் என்று வியாழக்கிழமை முழுக்க அவள் மனசு குத்திக்கொண்டே இருந்தது.

திருத்தங்களை முடித்துவிட்டுப் பெரியம்மாவிடம் போய் உள்ளது முழுவதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவன் எழுதிக் கொடுத்தது ஃபைலில் ஏறிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும் என்றார். அவன் நிரந்தர ஆள். ஒரு குறிப்பு எழுதுவார்கள், அதோடு சரி. "நீ வாயைத் தெறந்தீன்னா நாளைக்கே பெட்டி கட்டணும். அவனுக்கு ஒண்ணும் ஆகாது... ஒனக்கு அப்படி இல்லடி." அவரும் அன்பாகத்தான் சொன்னார்.

ஜன்னலில் வந்து நின்றாள். கீழே முற்றத்தில் அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். மேலே பார்த்தான். தலையை ஆட்டினான். கோபமில்லை, குத்தலில்லை... சாப்பிட்டாச்சா என்று கையால் சைகை காட்டிக் கேட்டான். இந்த ஊரில் இரண்டு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

வெள்ளிக்கிழமை. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரத்தில் பெரியம்மா. ஏழு ஆறுகளையும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். நடுவில் இருந்தவர் தலையசைத்தார். பிறகு ஃபைலைப் புரட்டினார். இந்த வாரம் முடிவுகள் அழிந்தது நிலத்தடி நீர்ப் பிரிவு ஊழியரின் கவனக்குறைவால் என்று இருக்கிறதே, சரிதானா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும். பெரியம்மா அவளையே பார்த்தார்.

"இல்ல சார். அந்தக் கடுதாசி தப்பு. அவர் அன்னைக்கு ஊர்லயே இல்ல. ஓடவிட்டது நான்தான்... அவரோட நோட்புக்க என்னோடதுன்னு நெனச்சு பதினொரு நாள் வேலை செஞ்சிருக்கேன். நாலு பேர் முன்னாடி அவரத் திட்டியும் வச்சிருக்கேன்."

அவள் அந்த ஒன்பது வரிகளைக் காட்டினாள். இனி இப்படி நடக்காது, யார் காப்பி எடுத்தாலும் அது தன் இடத்தைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்றாள். அதைக் கண்டுபிடிக்க வழி சொன்னதும் அவர்தான் என்றாள். வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நடைபாதை பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான். அவளே சொன்னாள், உள்ளே நடந்தது எல்லாவற்றையும்.

"எதுக்குங்க சொன்னீங்க... எனக்கு அது ஒரு வரி. ஒங்களுக்கு வேலையே போயிடுமே."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க..." இரண்டு நாள் தொண்டையில் கிடந்த சொல், வெளியே வந்ததும் கண்ணீரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவன் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். கம்ப்யூட்டர் அவனுக்கு வராது. படித்ததும் கொஞ்சம்தான். கிணற்றுக் கணக்கை நீயே போடு என்று மேலே இருப்பவர்கள் சொன்னபோது கதிகலங்கிப் போய்விட்டான். பொது ஃபோல்டர்களில் தேடியபோது மழைக்கணக்கு கிடைத்தது. அதில் இருந்த குறிப்புகள்... 'இந்த மழைமானி பொய் சொல்லும், நம்பாதே.' 'இங்கே அவசரப்படாதே, போன தடவை அழுதது போதும்.' யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதுபோல் இருந்ததாம். இரண்டு மாசத்தில் அதைப் படித்தே கற்றுக்கொண்டான்.

"இப்ப பத்து நாளா அதுல புதுசு புதுசா குறிப்பு வந்துச்சு. மூலத்துல எழுதினா காப்பிக்கும் தானா வரும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். தெனம் காலையில போய் வந்திருக்கான்னு பாப்பேன்... நீங்க என் நோட்டுலயே எழுதிக்கிட்டிருந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முகம் சிவந்தது. என்னவெல்லாம் எழுதினோம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஐயோ...

"ஒண்ணு மட்டும் கணக்கு இல்ல," என்றான் அவன் இன்னும் மெதுவாக. "'இன்னைக்கு யாரோடயும் ஒரு வார்த்தை பேசல'ன்னு இருந்துச்சு. அதைப் படிச்சதும் வந்து பேசணும்னு தோணுச்சு. முற்றத்துக்குப் பாதி வரைக்கும் வந்தேன், ரெண்டு தடவ... எம்பது அடிக் கெணத்துல எறங்குவேங்க. ஒங்க படி ஏற தைரியம் வரல. செவ்வாக்கெழம நீங்களே வந்துட்டீங்க... திட்டறதுக்குத்தான். ஆனா வந்தீங்கல்ல. எனக்கு நன்றி சொல்லணும்னுதான் இருந்துச்சு."

சுவரைப் பார்த்து எழுதியதாக நினைத்தாளே... அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருவன் தினமும் காலையில் காத்திருந்திருக்கிறான். இப்படி ஒரு தப்பைச் செய்ததற்காக அவள் யாருக்கு நன்றி சொல்வாள்? முதலில் இருந்த பெயரை அழுத்திய தன் அவசரப் புத்திக்கா... நிறுத்திப் போட்ட சர்வருக்கா... யாருக்காவது சொல்ல வேண்டும்போல் மனசு நிரம்பி நின்றது. நடுவில் இருந்த ஒரு கை அகலம் எப்போது இல்லாமல் போனது என்று இருவருக்குமே தெரியாது.

கதவு திறந்தது. பெரியம்மா.

"ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்க. அப்புறம் மறுபடி பாப்பாங்களாம். ஃபைல்ல ஒன் பேருல ஒரு குறிப்பு ஏறும், அதுக்கு நான் பொறுப்பில்ல." இரண்டு அடி போய்த் திரும்பினார். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்த விதத்தைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கிணத்துக்காரரே, ஒங்க கடுதாசிய வந்து திருப்பி வாங்கிக்குங்க." போய்விட்டார்.

அவள் கையில் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். மூன்று தடவை அடித்துவிட்டானாம். எடுத்ததும் டிக்கெட்டைப் பற்றித்தான் கேட்டான். கேன்சல் பண்ணிடுங்க என்றாள். வேலை கிடைத்துவிட்டதா என்றான். ஆறு மாசத்துக்கு என்றாள். ஆறு மாசத்துக்காக எதற்கு அங்கே தனியாகக் கிடக்கிறாய் என்று அவன் ஆரம்பித்தபோது, அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவன் நாசூக்காக எழுந்து போகப் பார்த்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேலைக்காக மட்டும் இல்லண்ணா... இங்க எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் பின்னால் அண்ணி என்ன என்ன என்று கேட்பது கேட்டது. இந்தப் பக்கம் பிடிபட்ட சட்டைக் கை அசையவே இல்லை.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டியா?" என்றான் அண்ணன் கடைசியில்.

அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். இந்தத் தடவை அவை சிமிட்டின.

"இப்பத்தான்... சொல்லிக்கிட்டிருக்கேன்ணா."